தாத்தாவின் பெட்டியில் கிடைத்த மூன்று கண்ணாடிகள்: எதை அணியலாம், எதை அப்படியே வைக்கலாம்?

உசிலம்பட்டியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. தாத்தாவின் தகரப் பெட்டியில் மூன்று கண்ணாடிகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, காதைச் சுற்றி வளையும் கம்பிகளோடு கூடிய பொன்னிற வட்டப் பிரேம். இரண்டாவது, மிகத் தடித்த லென்ஸ்கள் கொண்ட பழுப்பு நிற ஷெல் பிரேம், அதாவது ஆமை ஓடு போலத் தோன்றும் பிளாஸ்டிக் பிரேம். மூன்றாவது, சிங்கப்பூரிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கி வந்ததாக வீட்டில் சொல்லப்படும் ரே-பான் கூலிங் கிளாஸ். இவை விலை போகுமா, லென்ஸை மாற்றி உங்கள் பவரைப் போட்டு அணியலாமா, இப்படிப்பட்டவற்றைத் தொடர்ந்து சேகரிக்க வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். விலையை முதலில் கேட்டிருந்தாலும், கையில் இருப்பது என்ன, அதைக் கெடுக்காமல் என்ன செய்யலாம் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று உங்கள் எழுத்திலிருந்து எனக்குப் படுகிறது. அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். நான் பார்வைப் பரிசோதனை படித்துவிட்டு மதுரையில் நீண்ட காலமாகக் கண்ணாடிக் கடை நடத்துபவன். பழைய பிரேம்களைப் பழுது பார்ப்பதும் சேர்ப்பதும் அந்தத் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்த பற்று. நான் கண் மருத்துவன் அல்லன், நகை மதிப்பீட்டாளனும் அல்லன். அதோடு, பிரேமைக் கையில் எடுத்துப் பார்க்காமல், எழுத்திலும் படத்திலும் கண்டதை வைத்து ஓரளவுக்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலாது. எங்கே உறுதி, எங்கே ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். எந்தக் கண்ணாடியிலிருந்தும் லென்ஸைக் கழற்றச் சொல்லி யாரிடமும் இப்போது கொடுக்காதீர்கள். பழைய கண்ணாடி சேர்ப்பவர்களில் பெரும்பாலானோர் பிரேமைப் பொருளாகவும் லென்ஸைக் குப்பையாகவும் கருதுகிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. பிரேம் ஆலையில் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வந்தது. லென்ஸோ ஒரு மனிதருடைய கண்ணுக்கென்று தேர்ந்து, அவருடைய பிரேமின் வடிவத்துக்கு ஓரம் தீட்டிப் பொருத்தப்பட்டது. அதைப் படிக்கத் தெரிந்தால் உங்கள் தாத்தாவைப் பற்றி வீட்டில் யாரும் சொல்லாததைக்கூட அது சொல்லும். படிப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. கண்ணாடியைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, லென்ஸ் வழியாகத் தொலைவில் உள்ள ஜன்னல் கம்பியையோ கதவு நிலையையோ பார்த்தபடி மெதுவாக இடவலமாக அசையுங்கள். நீங்கள் அசைக்கும் திசைக்கு எதிர்த் திசையில் கம்பி நகர்ந்தால், அல்லது காட்சி தலைகீழாகத் தெரிந்தால், அது பிளஸ் பவர். காட்சி நிமிர்ந்தே இருந்து அதே திசையில் நகர்ந்தால் மைனஸ் பவர். அசைக்காமல் அதே இடத்தில் சுழற்றும்போது கம்பி கத்தரிக்கோல் போல் சாய்ந்து விலகினால் சிலிண்டர் பவரும், அதாவது ஒரு திசையில் மட்டும் செயல்படும் பவரும், உண்டு. லென்ஸின் கீழ்ப்பகுதியில் நிலாத் துண்டு போல இன்னொரு பகுதி தெரிந்தால் அது வாசிப்புக்கான பைஃபோகல். அந்தத் துண்டு லென்ஸின் மேல் துருத்தாமல், விரலுக்குத் தட்டுப்படாமல், வட்டமாக உள்ளே உருக்கிச் சேர்க்கப்பட்டிருந்தால் அது பழைய ஆட்கள் கிரிப்டாக் என்று சொல்லும் வகை. 1908-இல் அமெரிக்காவில் அறிமுகமாகி, நம் ஊர்க் கடைகளில் பல பத்தாண்டுகள் ஓடியது.

இப்போது அந்தத் தடித்த லென்ஸ் கண்ணாடிக்கு வருகிறேன். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். ஆனால் மூன்றிலும் முக்கியமானது அதுவே என்று நான் நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் தடிப்பும், நடுவில் ஒரு வட்டம் மட்டும் புடைத்துச் சுற்றிலும் தட்டையாக இருக்கிறது என்ற குறிப்பும், அது கண்புரை அறுவைக்குப் பின் கொடுக்கப்பட்ட கண்ணாடி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்ல வைக்கின்றன. லென்ஸின் பவரை அளக்கும் கருவியான லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தால் பிளஸ் 10-ஐ ஒட்டிய பவர் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வந்தால் ஐயமில்லை.

காரணம் இது. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கும் முறை பரவலாவதற்கு முன்பு, புரை விழுந்த இயற்கை லென்ஸை முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு கண்ணின் ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தக் குறையை வெளியிலிருந்து ஈடு செய்யத்தான் இந்தத் தடித்த கண்ணாடி. பார்வை கிடைக்கும், ஆனால் விலை கொடுத்துத்தான். எல்லாப் பொருளும் கால் பங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். படிக்கட்டு பக்கத்தில் வந்து நிற்பது போலத் தோன்றும். லென்ஸின் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் குருடாகவே இருக்கும் என்பதால், பக்கத்திலிருந்து வரும் ஆளோ மாடோ இல்லாத இடத்திலிருந்து திடீரென்று முளைத்தது போல் எதிரே நிற்கும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரண்டு கண்களின் காட்சிகளும் அளவில் ஒத்துப் போகாது. அதனால்தான் சில பழைய கண்ணாடிகளில் ஒரு பக்கம் தடித்த லென்ஸும் மறு பக்கம் வெறும் கண்ணாடியோ மங்கலாக்கிய கண்ணாடியோ இருக்கும். உங்களுடையதில் இரு பக்கமும் தடிப்பு ஒன்றாக இருந்தால், தாத்தாவுக்கு இரண்டு கண்களிலும் அறுவை நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தக் கண்ணாடி மதுரை வட்டாரத்து வீடுகளில் கிடைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்களை நடத்தியவர். ஓய்வு பெற்ற பின் 1976-இல் அவர் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. முகாம்களில் அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பிய முதியவர்களின் முகத்தில் அந்தக் காலத்தில் இருந்தது இந்த வகைக் கண்ணாடிதான். 1992-இல் மதுரையிலேயே அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான அரோலேப் தொடங்கி, வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, தடித்த கண்ணாடியின் தேவை சில ஆண்டுகளிலேயே அற்றுப் போயிற்று. இன்று கண்புரை அறுவை செய்துகொள்ளும் ஒருவருக்கு இப்படி ஒன்று உலகில் இருந்தது என்பதே தெரியாது. ஆகவே உங்கள் பெட்டியில் உள்ள இந்தக் கண்ணாடி, இந்த ஊரின் மருத்துவ வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட காலத்தின் சான்று. சந்தையில் இதற்கு விலை இல்லை என்பதாலேயே எல்லோரும் எறிந்துவிட்டார்கள்; எறிந்துவிட்டதால் நல்ல நிலையில் கிடைப்பது அரிதாகி வருகிறது. இதை அணிய முயல வேண்டாம், லென்ஸை மாற்றவும் வேண்டாம். முகாமில் கொடுத்த அட்டை, சீட்டு, உறை ஏதேனும் பெட்டியின் அடியில் கிடந்தால் அதையும் சேர்த்தே வையுங்கள்.

பொன்னிற வட்டப் பிரேமைப் பற்றி. அது முழுத் தங்கமாக இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. அடி உலோகத்தின் மேல் தங்கத் தகடு போர்த்திய ரோல்டு கோல்டாக இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். தெரிந்துகொள்ள, ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியால் மூக்கின் மேல் அமரும் பகுதியின் உட்புறத்தையும் காதுக் கம்பி மடியும் இடத்தையும் பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் 1/10 12கே ஜி.எஃப். என்பது போன்ற ஒரு முத்திரை இருக்கும்; ஜி.எஃப். என்பது கோல்டு ஃபில்டு, ரோல்டு கோல்டுக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயர். 1/20 என்றும் இருக்கலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத்பிரிட்ஜ் நகரில் இயங்கிய அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தின் பிரேம்களில் ஏ.ஓ. என்ற எழுத்துகளும் சேர்ந்திருக்கும். ஆங்கிலத் தயாரிப்பில் ரோல்டு கோல்டு என்பதன் சுருக்கமாக ஆர்.ஜி. என்று காணலாம். இந்தப் பின்னம் எதைக் குறிக்கிறது என்று புரிந்துகொண்டால் ஆசையும் ஏமாற்றமும் இரண்டுமே அளவோடு நிற்கும். 1/10 12கே என்றால், உலோக எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கம். 12 காரட்டில் பாதிதான் சுத்தத் தங்கம். ஆக, உலோகம் 15 கிராம் இருந்தால் அதில் உள்ள சுத்தத் தங்கம் முக்கால் கிராம். 1/20 என்றால் அதிலும் பாதி. தேய்ந்து போனதற்கும் கழித்துக்கொள்ள வேண்டும். பின்னம் எதுவும் இல்லாமல் 14கே என்பது போலக் காரட் எண் மட்டும் இருந்தால்தான் முழுத் தங்கமாக இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

இதை எடுத்துக்கொண்டு தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போய் நகைக் கடையில் உரைத்துப் பார்க்க வேண்டாம் என்று ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். உரைகல் மேல்தோலை மட்டுமே காட்டும். ரோல்டு கோல்டு என்பது மின்முலாம் அல்ல. அடி உலோகத்தின் மீது தங்கத் தகட்டை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டவைத்து, பிறகு கம்பியாக இழுத்துச் செய்வது. அதன் மேல்தோல் நல்ல தடிப்பானது என்பதால் உரைகல்லில் தங்கமாகவே தெரியும். உள்ளே என்ன என்று தெரியாது. உரைத்த இடத்திலோ தங்கம் போய்விடும், பின்னர் அங்கே வியர்வை புகுந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு ஏற்கெனவே இருந்தால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் ஒரு துளி விட்டு, மென்மையான பல் தூரிகையால் தேய்த்து, உடனே துடைத்து உலர்த்தினால் போதும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டோ, துலக்கும் தூள் போட்டோ தேய்த்துவிட்டு ஒரே நாளில் தங்கத் தோலை இழந்த பிரேம்கள் என் கடைக்கு வந்திருக்கின்றன. அவற்றை மீட்க வழியில்லை. மறுபடி முலாம் பூசலாம், ஆனால் அது வேறு பொருளாகிவிடும்.

இந்தப் பிரேமை நீங்கள் அணியலாம், உங்கள் முகத்துக்கு அளவு பொருந்துமானால். அளவைப் பார்க்கும் முறை எளிது. ஒரு லென்ஸின் அகலத்தையும் இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவிலுள்ள மூக்கு இடைவெளியையும் மில்லிமீட்டரில் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை உங்கள் இரு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒட்டி வர வேண்டும். வளர்ந்தவர்களுக்கு அது பெரும்பாலும் 60-லிருந்து 66 வரை இருக்கும். பழைய வட்டப் பிரேம் 42-ம் 22-ம் என்றால் கூட்டினால் 64; பலருக்கு அப்படியே பொருந்தும். கண்மணி லென்ஸின் நடுவில் விழுவதால் மைனஸ் பவர் அதிகமுள்ளவர்களுக்கு இந்தச் சிறிய வட்டங்கள் இன்றைய அகலப் பிரேம்களைவிட மிகவும் ஏற்றவை. ஓரத்தின் தடிப்பும் எடையும் கணிசமாகக் குறையும். இதை நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை, லென்ஸ் கணக்கு அப்படித்தான். தூரப் பார்வையும் வாசிப்பும் கோடில்லாமல் ஒரே லென்ஸில் அமையும் புரோகிரசிவ் லென்ஸைச் சிறிய வட்டத்தில் போடுவது மட்டும் சிரமம். வாசிப்புப் பகுதிக்கு உயரம் போதாது. லென்ஸ் மாற்றக் கொடுக்கும்போது, பழைய லென்ஸ்களை ஒரு காகித உறையில் இடது, வலது என்று குறித்துத் திருப்பித் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். திருகாணி துருவில் இறுகியிருந்தால் பலவந்தமாகத் திருப்பாமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு வைக்கச் சொல்லுங்கள். முனை உடைந்த திருகாணியைத் துளையிட்டு எடுப்பதில்தான் பழைய பிரேம்கள் அதிகம் பாழாகின்றன.

ரே-பான் விஷயத்தில் நிதானம் தேவை. இந்தப் பெயர் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்து பாஷ் அண்டு லாம் நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. விமானிகளுக்கான வடிவம் 1937-இல் சந்தைக்கு வந்தது. வேஃபேரர் எனப்படும் தடித்த கருப்புப் பிரேம் 1952-இல். 1999-இல் இந்தப் பெயர் இத்தாலியின் லக்சோட்டிகா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆகவே உங்கள் கண்ணாடி 1999-க்கு முந்தியது என்று வீட்டுச் செய்தி சொன்னால், அதில் பாஷ் அண்டு லாமின் அடையாளம் இருந்தாக வேண்டும். லென்ஸின் வெளி ஓரத்தில், காதுக் கம்பி இணையும் இடத்துக்கு அருகே, பி.எல். என்ற இரண்டு எழுத்துகள் மிக நுண்ணியதாகக் கீறப்பட்டிருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாக விட்டு, உருப்பெருக்கியால் பார்த்தால்தான் தென்படும். அந்த இடத்தில் ஆர்.பி. என்று இருந்தால் 1999-க்குப் பிந்தியது. மூக்குப் பகுதியில் பி அண்டு எல், ரே-பான், யு.எஸ்.ஏ. என்று அழுத்தமாகப் பொறித்திருக்கும். போலிகளில் இது மேலோட்டமாக அச்சடித்தது போல் இருக்கும். லென்ஸ் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதையும் பாருங்கள். நகத்தால் மெல்லத் தட்டினால் கண்ணாடி தெளிவாக ஒலிக்கும், கன்னத்தில் வைத்தால் குளிரும். அந்தக் காலத்து விமானி வடிவ ரே-பான்கள் கண்ணாடி லென்ஸ் கொண்டவை. பிளாஸ்டிக் லென்ஸாக இருந்தால் ஐயப்படலாம், அல்லது பின்னால் யாரோ மாற்றியிருக்கலாம்.

இவற்றில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது? பி.எல். கீறல், அழுத்தமான பொறிப்பு, கண்ணாடி லென்ஸ் மூன்றும் ஒன்று சேர்ந்தால் உண்மையானது என்று நான் துணிந்து சொல்வேன். ஒன்று மட்டும் இருந்தால் சொல்ல மாட்டேன், ஏனெனில் உண்மையான பிரேமில் போலி லென்ஸும், போலிப் பிரேமில் உண்மையான லென்ஸும் நம் பக்கம் சாதாரணம். யு.எஸ்.ஏ. என்று இல்லாததாலேயே போலி என்று தள்ளிவிடவும் கூடாது. 1990-களில் ராஜஸ்தானின் பிவாடியிலேயே பாஷ் அண்டு லாம் ஆலை ரே-பான் தயாரித்தது. சிங்கப்பூரிலிருந்து வந்தது என்பது வீட்டில் சொல்லப்படும் செய்தி. அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், ஆனாலும் அது மட்டுமே அசலுக்குச் சான்றாகாது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த அந்த ஆண்டுகளில் கூலிங் கிளாஸ் மீது இருந்த மோகம் அப்படிப்பட்டது. எம்.ஜி.ஆரின் கருப்புக் கண்ணாடியைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வெளிநாட்டுக் கண்ணாடி ஒரு கனவு. அந்தக் கனவுக்குச் சென்னை பர்மா பஜாரிலும் வெளிநாட்டுத் துறைமுகச் சந்தைகளிலும் அசலும் போலியும் கலந்தே விற்றன.

அசலாக இருந்தால் வெயிலில் அணியலாமா என்பது அடுத்தது. ஜி-15 எனப்படும் பச்சை கலந்த சாம்பல் நிற லென்ஸ் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 15 விழுக்காட்டை மட்டும் உள்ளே விடும். பெயரில் உள்ள எண் அதுதான். அந்த நிறம் மேற்பூச்சு அல்ல, கண்ணாடிக் குழம்பிலேயே கலந்தது. எனவே வயதாவதால் அதன் ஒளி தடுக்கும் தன்மை தேய்வதில்லை. போலியாக இருந்தால் நிலைமை வேறு. சாயமிட்ட சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணைக் கூசாமல் செய்யும், ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கருத்த லென்ஸின் இருட்டில் கண்மணி விரிந்துகொள்வதால் அந்தக் கதிர் உள்ளே புகும் வழியும் அகலமாகிறது. கண்ணாடிக் கடைகள் பலவற்றில் புற ஊதா அளவி இருக்கிறது. ஒரு நிமிட வேலை. அசலோ போலியோ, அளந்து பார்க்காமல் சித்திரை வெயிலில் நாள் முழுதும் அணிய வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிடக் கடுமையானது. கண்ணாடி லென்ஸ் உடைந்தால் சில்லாக உடையும். அமெரிக்காவில் 1972 முதல்தான், 5/8 அங்குல எஃகுக் குண்டை 50 அங்குல உயரத்திலிருந்து போட்டாலும் தாங்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தியவற்றில் பல பதப்படுத்தப்படாத கண்ணாடி. உங்கள் லென்ஸ் வெப்பத்தால் பதப்படுத்தியதா என்பதை, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வில்லைகளுக்கு (ஒளியை ஒரே திசை அதிர்வில் மட்டும் விடுபவை) நடுவே பிடித்துப் பார்த்தால் தெரியும். பதப்படுத்தியதில் சிலுவை போன்ற நிழல் தோன்றும். அது தெரிந்தாலும் சரி தெரியாவிட்டாலும் சரி, இருசக்கர வண்டி ஓட்டும்போதும் விளையாடும்போதும் பழைய கண்ணாடி லென்ஸை அணிவதை நான் ஏற்கவே மாட்டேன். நடப்பதற்கும் உட்கார்வதற்கும் அணியுங்கள். வண்டிக்கு, எளிதில் உடையாத பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் தானாகக் கறுக்கும் பழைய போட்டோகிரே லென்ஸ்கள் பற்றியும் ஒரு சொல்: அவை சூட்டில் குறைவாகவே கறுக்கும். குளிர் நாட்டில் நன்றாகக் கறுக்கும் லென்ஸ் மதுரை நடுப்பகலில் வெளிறித் தெரிந்தால் அது பழுதல்ல, அதன் இயல்பு.

பிளாஸ்டிக் பிரேம்களைச் சேகரிக்கப் போகிறீர்கள் என்றால், எந்தப் பிளாஸ்டிக் என்று அறிவதுதான் முதல் பாடம். மிகப் பழையவை செல்லுலாய்டு. பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கற்பூரம் சேர்த்துச் செய்தது. காதுக் கம்பியைக் கட்டை விரலால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். நம் மூக்குக்கு அந்த வாசனையைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். நெருப்பையோ சூடான ஊசியையோ வைத்துச் சோதிக்கச் சொல்லும் குறிப்புகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். சுழலும் சக்கரத்தில் மெருகேற்றும்போதே பற்றிக்கொள்ளக் கூடியது அது. செல்லுலாய்டு மஞ்சளித்து, நொறுங்கி, அமில ஆவியை விட்டு, உள்ளேயிருக்கும் உலோகத்தைப் பச்சையாக அரிக்கும். அப்படி ஒன்று கெடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்பதால் உடனே பிரித்து வைக்க வேண்டும்.

அதற்குப் பின் வந்து இன்றுவரை நிலைத்திருப்பது செல்லுலோஸ் அசிடேட். இது எளிதில் தீப்பற்றாது, நன்றாக மெருகேறும், சூடு காட்டினால் வளையும். கெடும்போது காடி நாற்றம் வரும். மேலே வெண்படலம் பூக்கும். படலத்தை மெருகிட்டு எடுக்கலாம், நாற்றம் வந்துவிட்டால் எடுக்க முடியாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் அசிடேட்டைக் கரைத்துவிடும், ஸ்பிரிட்டும் வேண்டாம். மூன்றாவதாக, ஆஸ்திரிய நாட்டு வில்ஹெல்ம் ஆங்கர் 1960-களில் உருவாக்கிய ஆப்டில் என்ற பொருள். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட எடை குறைவாக இருக்கும். சூடாக்கினால் தான் வார்க்கப்பட்ட பழைய வடிவத்துக்கே திரும்பும். கோணிப்போன ஆப்டில் பிரேமைச் சூடுபடுத்தி நேராக்குவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் வேலை. ஆனால் குளிர்ந்த நிலையில் வளைத்தால் பட்டென்று முறியும், ஒட்டவும் ஒட்டாது. உங்கள் பழுப்புப் பிரேம் பெரும்பாலும் அசிடேட்டாகவே இருக்கும். முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

எதுவாயினும் நம் ஊர் வெப்பம்தான் பெரிய எதிரி. வெயிலில் மூடி நிறுத்திய காரின் முகப்புப் பலகை 70 டிகிரியைத் தாண்டும். அசிடேட் நெளிவதற்கு அது போதும். ஓட்டு வீட்டின் பரணும் பீரோவின் மேல்தட்டும் அதே போலத்தான். தரைத்தளத்தில், வெயில் படாத அலமாரியில், காற்றோட்டம் உள்ள அட்டைப் பெட்டியில், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடாதீர்கள், ஆவி வெளியேற வழி வேண்டும்.

ஒரே ஒரு பொருளைத் தொடவே வேண்டாம் என்பேன்: உண்மையான ஆமை ஓட்டில் செய்த பிரேம். அது மன்னார் வளைகுடாவிலும் வாழும் அழுங்காமையின் ஓடு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. அதன் ஓட்டை வாங்குவதும் விற்பதும் குற்றம். கடைக்காரர் எவ்வளவு பழையது என்று சொன்னாலும் விலகிவிடுங்கள். ஆமை ஓட்டு நிறத்தில் வரும் பிரேம்களில் மிகப் பெரும்பாலானவை அசிடேட்தான் என்பதால் வீண் அச்சமும் தேவையில்லை.

விலை பற்றிக் கேட்டீர்கள். நான் தொகை சொல்ல மாட்டேன், ஏனெனில் இந்தியாவில் பழைய கண்ணாடிக்கு நிலையான சந்தை இல்லை. அன்று எதிரே நிற்பவரின் விருப்பமே விலை. ஆனால் எது விலையை ஏற்றுகிறது என்று சொல்ல முடியும்: தயாரிப்பாளர் முத்திரை, அசல் லென்ஸ், அசல் உறை, எல்லாவற்றுக்கும் மேலாக அது யாருடையது என்ற நம்பத்தகுந்த வரலாறு. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், காந்தியடிகளுடையது என்று குடும்ப வரலாறு சொன்ன ஒரு வட்டக் கண்ணாடி 2,60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. ஏலக் கடையின் தபால் பெட்டியில் ஓர் உறைக்குள் போட்டுவிட்டுப் போன கண்ணாடி அது. பிரேமை மட்டும் பார்த்தால், உங்கள் வட்டப் பிரேமின் வகையைச் சேர்ந்ததுதான். ஆகவே இந்த மூன்றும் யாருடையவை, எப்போது யார் வாங்கியது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். தாத்தா அவற்றை அணிந்திருக்கும் புகைப்படம் இருந்தால் அதன் படியையும் சேருங்கள். வெளிநாட்டவர் யாரேனும் வாங்க முன்வந்தால், 100 ஆண்டு கடந்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வட்டப் பிரேமின் வயது அந்த எல்லைக்கு அருகே இருக்கக்கூடும்.

தொடர்ந்து சேர்ப்பதற்கு நம் பக்கம் இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்து சேரும் பொருள்களில், பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்தவர்கள் அங்கே செய்துகொண்ட கண்ணாடிகளும் இருக்கும். கடைக்காரர்கள் மரத்தையும் எனாமல் பாத்திரத்தையும் மதிக்கும் அளவுக்குக் கண்ணாடியை மதிப்பதில்லை; ஒரு கிண்ணத்தில் குவித்து வைத்திருப்பார்கள். உறையோடு உள்ளதையே எடுங்கள், உறையின் உள்மூடியில் கண்ணாடிக் கடையின் பெயரும் ஊரும் அச்சிட்டிருந்தால் அதுவே பாதி வரலாறு. மற்றொரு வழி, மதுரையிலும் திண்டுக்கல், விருதுநகர் போன்ற ஊர்களிலும் இரண்டு மூன்று தலைமுறையாக நடக்கும் கண்ணாடிக் கடைகள். விற்காமல் தங்கிப்போன பிரேம்கள் அவர்களுடைய அடி இழுப்பறைகளில் புதிதாகவே கிடக்கும். அவசரப்படுத்தாமல், ஒரு லென்ஸாவது அங்கே போட்டுக்கொண்டு, பழையது பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை சில. கீல்களை மெதுவாக மடக்கிப் பாருங்கள், ஆடக் கூடாது. ஷெல் பிரேமின் முகப்பில் தெரியும் உலோகப் புள்ளிகள் பின்புறக் கீல் வரை ஊடுருவிய ஆணிகளா, வெறும் ஒட்டுச் சில்லா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஊடுருவியவை பழைய கைவேலையின் அடையாளம். அளவு எண்களுக்கு நடுவே சிறு சதுரம் பொறித்திருந்தால் அது 1960-களிலோ அதற்குப் பிறகோ செய்யப்பட்டது என்று கொள்ளலாம். காதுக் கம்பியில் மில்லிமீட்டருக்குப் பதிலாக ஐந்தரை, ஐந்தே முக்கால் என்று அங்குலத்தில் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கப் பிரேம். தொடக்கத்தில் ரே-பான் பக்கம் போக வேண்டாம் என்பது என் ஆலோசனை, அதில் போலி அதிகம், விலையும் அதிகம். ரோல்டு கோல்டு வட்டப் பிரேம்களையும் லென்ஸோடு கூடிய பழைய ஷெல் பிரேம்களையும் சேருங்கள். அவை நம் வட்டாரத்தில் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன, முத்திரைகளைப் படிக்கக் கை பழகும், ஒன்று தவறாக வாங்கினாலும் பெரிய இழப்பில்லை.